நாத்தானின் வயதைச் சொன்னது யார்?

2021 ஜூலையில் காண்டர்பரி பேராலயத்தைப் பற்றிய ஒரு செய்தி பல நாட்டு ஊடகங்களில் வந்தது. அங்குள்ள வண்ணக் கண்ணாடி உருவங்களில் சில, இதுவரை நம்பியதைவிடப் பழையவையாம். 1130க்கும் 1160க்கும் இடையில் செய்யப்பட்டவை. இங்கிலாந்தில் எஞ்சியிருக்கும் வண்ணக் கண்ணாடிச் சாளரங்களிலேயே மிகப் பழையவையாக இருக்கலாம். பேராயர் தாமஸ் பெக்கெட் 1170 டிசம்பர் 29 அன்று அந்தப் பேராலயத்துக்குள் வெட்டிக் கொல்லப்பட்டபோதே இந்த உருவங்கள் இருந்திருக்கின்றன. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜின் ஆய்வாளர்கள் கையடக்கமான எக்ஸ்-ரே கருவியால் இதைக் கண்டறிந்தார்கள் என்பது செய்தியின் சாரம். தலைப்புகளில் கருவிதான் நாயகன்.

என்னை விடாமல் உறுத்துவது அந்த வரிசை. விவிலியத்தில் வரும் நாத்தானின் உருவமும் அதோடு சேர்ந்த சிலவும் மற்றவற்றைவிடப் பழையவை என்று 1987லேயே எழுதியவர் ஒருவர் இருக்கிறார்: கலை வரலாற்றாசிரியர் மேடலின் கேவினஸ். அவரிடம் எக்ஸ்-ரே கருவி இல்லை. மடிப்புகளின் கோடுகளை, உடல் அமர்ந்திருக்கும் விதத்தை, பார்த்துச் சொன்னார். 34 ஆண்டுகள் அது ‘ஓர் அறிஞரின் கருத்து’ என்ற அளவில் இருந்தது. எண்கள் வந்தபிறகு ‘கண்டுபிடிப்பு’ ஆயிற்று. கண் சொல்வது ரசனை, கருவி சொல்வதுதான் சான்று என்ற பிரிவினையை நான் ஏற்கவில்லை. இடைக்காலக் கண்ணாடியை ஆராய்பவரின் கண் ரசனையால் இயங்குவதில்லை. அதற்கு நடைமுறைகள் உண்டு, தவறு நேரும் இடங்கள் உண்டு, சரிபார்க்கும் வழிகளும் உண்டு. அவை செய்திகளில் வருவதில்லை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

கேவினஸ் 1938இல் லண்டனில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் படித்தார், ஹார்வர்டில் காண்டர்பரியின் கண்ணாடிகளையே முனைவர் பட்டத்துக்கு ஆராய்ந்தார், பாஸ்டன் அருகிலுள்ள டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் பேராசிரியர். 1977இல் காண்டர்பரியின் தொடக்ககாலக் கண்ணாடியைப் பற்றி நூல் வந்தது. 1981இல் அந்தப் பேராலயத்தின் சாளரங்கள் முழுவதற்குமான விவரணத் தொகுதி வந்தது. இடைக்காலக் கண்ணாடிகளை நாடுநாடாகப் பட்டியலிடுவதற்காக, இரண்டாம் உலகப்போரின் அழிவுக்குப் பின் 1952இல் தொடங்கிய ‘கார்ப்பஸ் விட்ரியாரம்’ என்ற பன்னாட்டுத் திட்டத்தின் பிரிட்டன் வரிசையில் அது இரண்டாவது தொகுதி. பின்னாளில் ரேம்ஸ், பிரேன் மடாலயங்களின் கண்ணாடிகளையும், இடைக்கால ஓவியங்களில் பெண்கள் எப்படிப் பார்க்கப்பட்டார்கள் என்பதையும் எழுதினார். அவற்றைப் பற்றித் தனியாகவே எழுதலாம். நாத்தானுக்கு வேண்டியது அந்த முதல் இருபது ஆண்டு உழைப்பு.

சாளரம் இடம்மாறிய கதை

காண்டர்பரியின் பாடற்பகுதி (துறவிகள் பாடி வழிபடும் கிழக்குப் பகுதி) 1174 செப்டம்பர் 5 அன்று எரிந்தது. சான்ஸ் நகரத்து வில்லியம் திரும்பக் கட்டத் தொடங்கினார். 1178இல் சாரத்திலிருந்து விழுந்து படுகாயமுற்றார். ‘ஆங்கிலேயர் வில்லியம்’ என்ற இன்னொருவர் 1184 வரை கட்டி முடித்தார். கெர்வாஸ் என்ற துறவி எந்த ஆண்டு எந்தத் தூண் எழுந்தது என்று எழுதிவைத்திருப்பதால், இந்தக் கட்டடத்துக்கு இருக்கும் காலக்கணக்கு இடைக்காலத்தில் வேறு எந்தப் பேராலயத்துக்கும் எளிதில் கிடைக்காது. புதுக் கட்டடத்தின் மேல்வரிசைச் சாளரங்களில் கிறிஸ்துவின் மூதாதையரை வைத்தார்கள். ஆதாமில் தொடங்கி, லூக்கா நற்செய்தியின் வம்சவரிசைப்படி, மத்தேயுவிலிருந்தும் சில பெயர்களைச் சேர்த்து, மொத்தம் 86 உருவங்கள். ஒரு சாளரத்துக்கு மேலும் கீழுமாக இருவர். ஏறத்தாழ ஆளுயரம். அந்த 86இல் பாதியளவே இன்று மிஞ்சியிருக்கின்றன.

மிஞ்சியவையும் இருந்த இடத்தில் இல்லை. 1640களில் ரிச்சர்ட் கல்மர் என்ற, ஆலயங்களில் உருவங்களை எதிர்த்த பியூரிட்டன் பிரிவின் போதகர் ஏணி போட்டு ஏறிச் சில சாளரங்களை ஈட்டியால் உடைத்தார். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் மூதாதையர் உருவங்களைக் கழற்றி, மேற்குப் பெருஞ்சாளரத்திலும் தென்மேற்குக் குறுக்குக்கூடத்தின் பெருஞ்சாளரத்திலும் பொருத்தினார்கள். அவை 15ஆம் நூற்றாண்டுக் கல்வேலை; குறுகிய நீள்பட்டிகளாகப் பிரிந்தவை. அகலமான 12ஆம் நூற்றாண்டு உருவத்தை அதில் நுழைக்க ஓரவேலைப்பாட்டை நறுக்க வேண்டும். ஓரங்கள் பல மேலேயே தங்கிவிட்டன. உருவம் போன இடத்தில் 19ஆம் நூற்றாண்டில் புதுப் பிரதிகளைச் செய்து வைத்தார்கள். ஆக, ஒரே உருவத்தின் துண்டுகள் இரண்டு மூன்று இடங்களில் கிடக்கும். ஓர் இடத்தில் பார்ப்பது நான்கு நூற்றாண்டுகளின் கலவையாக இருக்கும்.

இதை நிதானமாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. ‘இந்தச் சாளரம் எந்தக் காலத்தது’ என்று கேட்டால் விடை கிடையாது. ‘இந்தத் துண்டு எந்தக் காலத்தது’ என்றுதான் கேட்க முடியும். ஓர் ஆளுயர உருவத்தில் நூற்றுக்கணக்கான துண்டுகள் இருக்கும்.

கண் செய்யும் வேலை

முதல் வேலை, எண்ணிடுவது. கார்ப்பஸ் முறையில் பேராலயத்தின் கிழக்கு அச்சில் இருக்கும் சாளரம் ரோமன் ஒன்று. அதிலிருந்து வடபுறம் ஒரு வரிசை, தென்புறம் ஒரு வரிசை. கீழ்த்தளத்துக்குச் சிறிய எழுத்து, மேல்வரிசைக்குப் பெரிய எழுத்து. சாளரத்துக்குள் பேனல்களைக் கீழிருந்து மேலாக எண்ணாலும், இடமிருந்து வலமாக எழுத்தாலும் குறிப்பார்கள். எந்த நாட்டு ஆய்வாளர் எழுதினாலும் அந்தக் குறியை வைத்து நேராக அந்தப் பேனலின் முன்னால் போய் நிற்கலாம். சலிப்பூட்டும் வேலைதான். ஆனால் இது இல்லாமல் முந்தைய நூற்றாண்டுகளில் எழுதப்பட்ட விவரணைகளில், எழுதியவர் எந்தப் பேனலைப் பார்த்தார் என்பதே பல இடங்களில் புரியாது.

அடுத்தது பழுதுபார்ப்பு வரைபடம். ஒவ்வொரு பேனலுக்கும் ஈயக்கோடுகளை வரைந்து, ஒவ்வொரு துண்டையும் அடையாளப்படுத்த வேண்டும்: மூலக் கண்ணாடியா, வேறு பழைய சாளரத்திலிருந்து எடுத்து ஓட்டையை அடைத்த துண்டா, 19ஆம் நூற்றாண்டு மாற்றா, 20ஆம் நூற்றாண்டு மாற்றா. ஒவ்வொன்றுக்கும் ஒரு கோட்டு நிரப்பல். இந்த வரைபடம் இல்லாமல் பாணியைப் பற்றிப் பேசுவது வீண். முகத்தின் அழகைப் பாராட்டி எழுதிவிட்டு, முகம் 1850இல் செய்தது என்று பிறகு தெரிந்தால் எழுதியதெல்லாம் போயிற்று. முகம்தான் முதலில் உடைபடும். முகத்தைத்தான் பழுதுபார்த்தவர்கள் முதலில் மாற்றினார்கள்.

ஒரு துண்டு பழையது என்று எப்படித் தெரியும்? கண்ணாடி செய்த விதத்திலிருந்து தொடங்க வேண்டும். 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தியோஃபிலஸ் என்ற பெயரில் எழுதிய ஜெர்மானியத் துறவியின் கைந்நூலில் எல்லாம் இருக்கிறது. பீச் மரச் சாம்பல் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு. ஊதிப் பெருக்கிய குழலைப் பிளந்து விரித்தால் தகடு. சுண்ணம் பூசிய பலகையில் உருவத்தை வரைந்து, அதன்மேல் கண்ணாடியை வைத்து, பழுக்கக் காய்ச்சிய இரும்பால் விரிசல் ஓட்டிப் பிளந்து, ஓரத்தைப் பிளவுள்ள இரும்பால் சிறுசிறிதாகக் கடித்து வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும். பிறகு தீட்டுவது: சுட்டுப் பொடித்த செம்பு ஒரு பங்கு, பச்சைக் கண்ணாடிப் பொடி ஒரு பங்கு, நீலக் கண்ணாடிப் பொடி ஒரு பங்கு, திராட்சை மதுவிலோ சிறுநீரிலோ அரைத்தால் கறுப்பு வண்ணம். அடர்த்தியாக ஒரு கோடு, நீர்த்த பூச்சு ஒன்று, இரண்டுக்கும் நடுவே ஒன்று. சூளையில் சுட்டுக் கண்ணாடியோடு ஒட்டவைத்து, வார்த்த ஈயப்பட்டைகளில் செருகி, சந்திகளில் பற்றாசு வைக்க வேண்டும்.

இந்த வேலை ஒவ்வொரு கட்டத்திலும் தடயம் விடுகிறது. கடித்தெடுத்த ஓரம் பல்பல்லாக இருக்கும். பின்னாளில் வைரமுனையால் கீறிப் பிளந்த ஓரம் நேராக, வழவழப்பாக இருக்கும். ஊதிச் செய்த தகட்டின் தடிப்பு ஒரே துண்டுக்குள் மாறும். குமிழிகளும் அலைகளும் இருக்கும். 12ஆம் நூற்றாண்டின் சிவப்பு முழுத் தடிப்பிலும் சிவப்பாக இருக்காது. அப்படி இருந்தால் ஒளியே புகாது. நிறமற்ற கண்ணாடிக்குள் மயிரிழைபோன்ற சிவப்பு அடுக்குகள் பல ஓடும். உடைந்த ஓரத்தைப் பக்கவாட்டில் பார்த்தால் தெரியும். பிற்காலத்தில் அது மேற்பரப்பில் ஒற்றை மெல்லடுக்காகிவிடுகிறது. வெள்ளி உப்பைப் பூசிச் சுட்டு வரவழைக்கும் மஞ்சள் இருந்தால் அந்தத் துண்டு ஏறத்தாழ 1300க்கு முந்தியதாக இருக்க முடியாது. பின்புறம் மழை தின்ற குழிகள்; சில துண்டுகளில் அடர்த்தியான குழி, பக்கத்துத் துண்டில் எதுவும் இல்லை. இது வயது வேறுபாடாகவும் இருக்கலாம், சேர்மான வேறுபாடாகவும் இருக்கலாம். 12ஆம் நூற்றாண்டு நீலக் கண்ணாடிகளில் ஒரு வகை சோடா மிகுந்தது. எண்ணூறு ஆண்டு மழைக்கும் அசையாமல் புத்தம் புதிதுபோல் இருக்கும். குழி இல்லாததால் புதிது என்று முடிவுகட்டியவர்கள் ஏமாந்த இடம் இது. ஈயத்தை நம்பவே கூடாது. நூறு நூற்றைம்பது ஆண்டுக்கு ஒருமுறை ஈயத்தை மாற்றிவிடுவார்கள். சக்கரத்தில் இழுத்த ஈயத்தின் உட்பக்கத்தில் பல் அடையாளம் இருந்தால் அது இடைக்காலத்தது அல்ல என்று சொல்லலாம்; அந்தப் பேனல் எப்போது பிரித்துச் சேர்க்கப்பட்டது என்பதற்கு அது சான்று, கண்ணாடியின் வயதுக்கு அல்ல.

இவையெல்லாம் முடிந்தபிறகு, மூலம் என்று தேறிய துண்டுகளை மட்டும் வைத்துக்கொண்டுதான் பாணியைப் பார்க்க வேண்டும். 1130களிலிருந்து 1160கள் வரை இங்கிலாந்தின் ஓவியத்தில் துணி, நனைந்ததுபோல் உடலோடு ஒட்டிக்கொண்டு, வளைகோடுகளால் தொடையையும் வயிற்றையும் தனித்தனி மேடுகளாகப் பிரித்துக் காட்டும். 1135 வாக்கில் பரி மடாலயத்தில் எழுதிய பெரிய விவிலியச் சுவடியில் அதைப் பார்க்கலாம். காண்டர்பரியிலேயே புனித ஆன்செல்ம் சிற்றாலயத்தில், கையில் பாம்பு தொங்க நிற்கும் பவுலின் சுவரோவியம் அதே குடும்பம். 1180ஐ நெருங்கும்போது துணிக்கு எடை வருகிறது. மடிப்புகள் தொட்டிபோல் குழிந்து விழுகின்றன. உடல் திரும்புகிறது, முழங்கால் முன்னால் வருகிறது. 1181இல் வெர்டன் நகரத்து நிக்கோலாஸ் கிளோஸ்டர்நாய்புர்க்கில் முடித்த எனாமல் பேனல்களில் இந்த மாற்றம் முழுதாக வந்துவிட்டது. தேதி இல்லாத கல்வெட்டை எழுத்தமைதி பார்த்துக் காலம் கணிப்பவர்கள் செய்வதும் இதைத்தான்: தேதி உள்ளவற்றை வரிசைப்படுத்தி, தேதி இல்லாததை அந்த வரிசையில் அதற்குரிய இடத்தில் நிறுத்துவது.

பிரதிகள் வைத்த பொறி

காண்டர்பரியில் கூடுதலாக ஒரு சிக்கல். 19ஆம் நூற்றாண்டில் ஜார்ஜ் ஆஸ்டின் தந்தையும் மகனும், அவர்களுக்குப் பின் சாமுவேல் கால்ட்வெல் தந்தையும் மகனும், நூறாண்டுக்கு மேல் இங்கே பழுதுபார்த்தார்கள். மகன் கால்ட்வெல் 1952 வரை பொறுப்பில் இருந்தார். கைத்திறன் மிகுந்தவர்கள். பழைய துண்டு, புதுத் துண்டு, பழைய துண்டின்மேல் புது வண்ணம், பழைய வடிவத்தைப் பார்த்து முழுதும் புதிதாகச் செய்தது எல்லாம் ஒரே பேனலில் கலந்திருக்கும். 1949இல் பெர்னார்ட் ராக்கம் காண்டர்பரிக் கண்ணாடிகளைப் பற்றிப் பெரிய நூலை வெளியிட்டபோது, எது பழையது எது புதிது என்பதற்குக் கால்ட்வெல்லின் வார்த்தையைப் பெரிதும் நம்பினார். பழுதுபார்த்தவரையே சாட்சியாக வைத்ததில் வந்த கேடு அது. கேவினஸின் இருபது ஆண்டு வேலையில் பெரும்பகுதி, பேனல் பேனலாக இந்தச் சிக்கைப் பிரித்ததுதான். 1981 தொகுதியைப் புரட்டுபவர்களுக்கு அது வறண்ட பட்டியலாகத் தோன்றலாம். அதன் ஒவ்வொரு வரைபடத்துக்குப் பின்னாலும் நூற்றுக்கணக்கான ‘ஆம், இல்லை, ஐயம்’ முடிவுகள் இருக்கின்றன. என் மதிப்பில் அவருடைய மற்ற எல்லா எழுத்தையும்விட அதுவே பெரிய சாதனை.

1987

அந்த உழைப்பில் விளைந்த ஒரு சிறு கட்டுரை 1987இல், கலை வரலாற்றாசிரியர் ஜார்ஜ் ஸார்னெக்கிக்குச் சிறப்புச் செய்யும் தொகுப்பில் வந்தது. சில பக்கங்கள்தாம். தலைப்பின் முடிவில் கேள்விக்குறி வைத்திருந்தார். மூதாதையர் வரிசையில் நாத்தான் உள்ளிட்ட நான்கு உருவங்கள் மற்றவற்றோடு ஒட்டவில்லை; இவை 1174 தீக்குப் பின் செய்தவையாக இருக்க முடியாது; பழைய கட்டடத்துக்குச் செய்த உருவங்களை எடுத்துப் புதுச் சட்டத்துக்குள் பொருத்தியிருக்கிறார்கள் என்பது வாதம்.

ஒட்டவில்லை என்று கண்டது ஒரு படி. அதற்கு வேறு விளக்கங்களை மறுக்க வேண்டியது அடுத்த படி. கட்டுரையின் கனம் அங்கேதான் இருக்கிறது. புதிய பட்டறையில் பழைய பாணியில் பழகிய முதிய ஓவியர் ஒருவர் இருந்திருக்கலாமே? இருந்திருக்கலாம். ஆனால் அப்போது உருவமும் அதன் சட்டமும் ஒரே கையால், ஒரே அளவுத்திட்டத்தில் பிறந்திருக்கும். பொருத்தியதற்கான தையல் தெரிகிறது என்றால் அந்த விளக்கம் நிற்காது. 19ஆம் நூற்றாண்டில் செய்த பிரதியாக இருக்கலாமே? அதற்குப் பதில் சொல்லத்தான் 1981 வரைபடங்கள் இருந்தன. தீயில் எரிந்த கட்டடத்திலிருந்து கண்ணாடி எப்படி மிஞ்சும்? கெர்வாஸின் விவரணைப்படி எரிந்தது பாடற்பகுதி, நடுக்கூடம் நின்றது, துறவிகள் அங்கேதான் வழிபாட்டைத் தொடர்ந்தார்கள். பழைய கட்டடத்தில் எடுத்துவைக்கத் தகுந்த கண்ணாடி இருந்ததா? 1130இல் அர்ப்பணிக்கப்பட்ட பழைய பாடற்பகுதியின் சாளர ஒளிக்கு நிகராக இங்கிலாந்தில் எதுவும் இல்லை என்று மால்ம்ஸ்பரி வில்லியம் என்ற சமகால வரலாற்றாளர் எழுதிவைத்திருக்கிறார். பழையதை எடுத்துப் புதுச் சாளரத்தில் வைக்கும் வழக்கம் அக்காலத்தில் உண்டா? பிரான்சின் ஷார்த்ர் பேராலயத்தில் உண்டு. 1194 தீக்குத் தப்பிய, 1180 வாக்கில் செய்த கன்னி மரியாளின் உருவத்தை எடுத்து, சுற்றிலும் 13ஆம் நூற்றாண்டுத் தேவதூதர்களை வைத்துப் புதுச் சாளரம் ஆக்கினார்கள். ‘அழகிய கண்ணாடி’ என்று பிரெஞ்சில் அதற்குப் பெயர். கேவினஸின் தலைப்பு அந்தப் பெயரைத்தான் எடுத்துக் காண்டர்பரியைப் பார்த்துக் கேட்கிறது.

இதை வெறும் அபிப்பிராயம் என்று எப்படிச் சொல்வது? எந்தச் சான்று கிடைத்தால் தன் வாதம் விழும் என்பது தெளிவாகத் தெரியும்படி கட்டிய வாதம் இது. உருவத்தின் கண்ணாடியும் சட்டத்தின் கண்ணாடியும் ஒரே சேர்மானம் என்று தெரிந்தால் விழுந்துவிடும். அதைச் சோதிக்கும் வழிதான் இல்லாமல் இருந்தது.

கருவி வருவதற்கு ஏன் அத்தனை காலம்

கண்ணாடியின் சேர்மானத்தை அறிய 1987இலும் ஆய்வகங்கள் இருந்தன. துண்டின் ஓரத்திலிருந்து சிறு சில்லு எடுத்துக் கொடுக்க வேண்டும். அதற்குப் பேனலைப் பிரிக்க வேண்டும். நாத்தானின் மேலாடையிலிருந்து சில்லு எடுக்க யாரும் சம்மதிக்க மாட்டார்கள், சம்மதிக்கவும் கூடாது. பேனலோ உயரத்தில், கல்லுக்குள் இருந்தது.

2009இல் தென்மேற்குப் பெருஞ்சாளரத்தின் கல்வேலை பெயர்ந்து விழத் தொடங்கியதால் கண்ணாடிகளைக் கீழே இறக்க நேர்ந்தது. கல் திருத்தும் ஆண்டுகளில் சில மூதாதையர் அமெரிக்காவுக்குக் கண்காட்சிக்குப் போனார்கள். 2014இல் நியூயார்க்கில் மக்கள் அவர்களை நேருக்கு நேர் பார்த்தார்கள். பழுதுநீக்கும் பட்டறையின் தலைவர் லியோனி செலிகரின் மேசையில் கண்ணாடி இருந்தது. லண்டனில் இயன் ஃப்ரீஸ்டோன், லாரா வேர் அட்லிங்டன் இருவரும் எக்ஸ்-ரே பாய்ச்சி, திரும்பி வரும் ஒளிர்விலிருந்து தனிமங்களை அறியும் கையடக்கக் கருவியைக் கண்ணாடிச் சாளரங்களுக்குப் பழக்கிக்கொண்டிருந்தார்கள்.

கருவியைக் காட்டினால் எண் வந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். கருவியின் மூக்கு தட்டையானது. கண்ணாடியில் ஒட்டி அமர்ந்தால்தான் சரியாக அளக்கும். சுற்றிலும் ஈயப்பட்டை கண்ணாடிப் பரப்பைவிட மேடாக நிற்கிறது. மூக்கு ஈயத்தின்மேல் அமர்ந்தால் நடுவில் காற்று இடைவெளி. இலேசான தனிமங்களின் சமிக்ஞையைக் காற்றே விழுங்கிவிடும். இடைவெளி மாறமாற எண்ணும் மாறும். பக்கத்து ஈயத்தின் சமிக்ஞையும் வந்து கலக்கும். அட்லிங்டன் ஒரு முனையை வடிவமைத்து முப்பரிமாண அச்சில் வார்த்தார். அது ஈயத்துக்கு நடுவே இறங்கி, தொலைவை ஒரே அளவில் வைக்கும். ‘விண்டோலைசர்’ என்று பெயர். பார்க்க ஒரு பிளாஸ்டிக் மூடிதான். அது இல்லாமல் இந்த ஆய்வு நடந்திருக்காது.

இரண்டாவது தடை, மேல்தோல். மரச்சாம்பல் சேர்த்துச் செய்த கண்ணாடியின் பொட்டாசியத்தை ஈரம் வெளியே இழுத்துவிடும். மேற்பரப்பை அளந்தால் உள்ளே இருக்கும் கண்ணாடியின் சேர்மானம் வராது. கன தனிமங்களின் எக்ஸ்-ரே ஆற்றல் மிக்கது. ஆழத்திலிருந்தும் வெளியே வரும். ஆகவே ருபிடியம், ஸ்ட்ரான்சியம், சிர்கோனியம் போன்றவற்றின்மீது சாய்ந்து முடிவெடுக்க வேண்டும். இவை மரத்தின் சாம்பலோடும் மணலோடும் வருபவை. காடு மாறினால், மண் மாறினால், மணல் மாறினால் விகிதம் மாறும். நிறத்துக்காகச் சேர்த்த கோபால்ட், செம்பு, மாங்கனீசு ஆகியவை அடிக்கண்ணாடியைப் பற்றி ஒன்றும் சொல்லாது. சிவப்பில் அடுக்குகள் குழப்பும். நிறமற்றதும் இளநிறமும் கொண்ட, வண்ணக்கோடு படாத இடமே அளக்கச் சிறந்தது.

கிடைத்த முடிவு கேவினஸ் சொன்னதோடு ஒத்துப்போயிற்று. ஆனால் இதைக் கவனிக்க வேண்டும்: சேர்மானத்தில் ஆண்டு எழுதியிருப்பதில்லை. கார்பன் கணிப்புபோன்ற கடிகாரம் கண்ணாடிக்குள் இல்லை. இந்தத் துண்டுகள் ஒரு வகை மூலப்பொருள், அந்தத் துண்டுகள் இன்னொரு வகை என்று பிரித்துக் காட்டுவதும், காலம் தெரிந்த கண்ணாடிகளில் எதனோடு எது சேரும் என்று சொல்வதும்தான் கருவியால் முடியும். ஒரே சாம்பல், ஒரே மணல் முப்பது ஆண்டு தொடர்ந்து வந்திருந்தால் கருவிக்கு வித்தியாசமே தெரியாது. ‘1130 முதல் 1160 வரை’ என்ற காலக்கணக்கு மடிப்பின் கோடுகளிலிருந்து வந்தது. எந்தத் துண்டை அளக்க வேண்டும், எதை விட வேண்டும் என்பதும் பழுதுபார்ப்பு வரைபடம் இருப்பதால்தான் தெரியும். மாற்றுத் துண்டையும் மூலத் துண்டையும் சேர்த்து அளந்து சராசரி எடுத்திருந்தால் வெறும் சேறுதான் மிஞ்சியிருக்கும். அட்லிங்டனும் ஃப்ரீஸ்டோனும் செலிகரும் தங்கள் ஆய்வுக் கட்டுரையில் கேவினஸின் கேள்வியிலிருந்தே தொடங்குகிறார்கள். செய்தியாகும்போதுதான் அது பின்னுக்குப் போயிற்று.

கண் தவறும் இடம்

கண்ணுக்காக இவ்வளவு வாதாடியபிறகு, அது தவறிய ஓரிடத்தைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. பெக்கெட்டின் அற்புதங்களைச் சொல்லும் திரித்துவச் சிற்றாலயத்துச் சாளரங்களில், காண்டர்பரிக்கு வழிநடக்கும் யாத்ரீகர்களைக் காட்டும் பேனல் ஒன்று இருக்கிறது. அது பெரும்பாலும் 20ஆம் நூற்றாண்டில் கால்ட்வெல் கைவேலை என்று ஆய்வுலகம் ஒதுக்கிவைத்திருந்தது. கனடாவின் யார்க் பல்கலைக்கழக வரலாற்றாய்வாளர் ரேச்சல் கூப்மன்ஸ் ஐயப்பட்டு, செலிகருடன் சேர்ந்து பேனலை இறக்கி நுண்ணோக்கியில் பார்த்தார். கண்ணாடியில் பெரும்பகுதி 12ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்தது என்று தெரிந்தது. காண்டர்பரி யாத்ரீகர்களின் மிகப் பழைய சித்திரம் என்று இப்போது சொல்கிறார்கள்.

பிரதிகளால் ஒருமுறை ஏமாந்த துறை, அடுத்து உண்மையானதையும் பிரதி என்று ஐயப்பட்டது. கால்ட்வெல்லின் கை எங்கும் இருக்கிறது என்று தெரிந்தபின், அது இல்லாத இடத்திலும் அதைக் கண்டார்கள். இங்கேதான் கருவியின் உதவி மிக எளிதாகவும் மலிவாகவும் கிடைக்கும். 1140ஆம் ஆண்டுச் சாம்பல் கண்ணாடியையும் 1180ஆம் ஆண்டுச் சாம்பல் கண்ணாடியையும் பிரிப்பது கடினம். நாத்தானுக்கு அத்தனை முன்னேற்பாடு வேண்டியிருந்தது அதனால்தான். 1180ஐயும் 1920ஐயும் பிரிப்பது அப்படியல்ல. பிற்காலக் கண்ணாடி பெரும்பாலும் தொழிற்சாலைச் சோடாவால் ஆனது; மரச்சாம்பலோடு வரும் பொட்டாசியம், பாஸ்பரஸ், ருபிடியம் எல்லாம் அதில் மிகக் குறைவு. மேல்தோல் அரித்திருந்தாலும் இந்த இடைவெளி மறையாது. பழைய கண்ணாடியின்மேல் புது வண்ணம் தீட்டியிருந்தால் மட்டும் கருவி கைவிரித்துவிடும். அங்கே திரும்பவும் நுண்ணோக்கியும் கோட்டைப் படிக்கத் தெரிந்த கண்ணும் வேண்டும்.

ஆகவே திரித்துவச் சிற்றாலயத்தின் அற்புதச் சாளரங்களை, பராமரிப்புக்காக ஒவ்வொன்றாக இறக்கும்போதெல்லாம், துண்டு துண்டாக அளக்க வேண்டும் என்பது என் கருத்து. ஈயம் மாற்றியபின் அந்தப் பேனல் மறுபடி மேசைக்கு வர ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆகலாம். அளக்கும்போது பக்கத்தில் 1981 தொகுதியின் வரைபடம் திறந்திருக்க வேண்டும். அதில் ‘ஐயம்’ என்ற குறியுள்ள துண்டுகளிலிருந்து தொடங்கலாம். கேவினஸ் அவற்றைத் தனியாகக் குறித்துத்தான் வைத்திருக்கிறார்.